பழைய பிக்கப் வண்டி சிலவேளை இயங்க மறுப்பதேன்? குறையைக் கண்டறியும் முறை

விளைச்சலை எடுப்பதுடன் கமக்காரரின் வேலை முடிவதில்லை. விடியற்காலையிற் பிடுங்கிய கீரையும் பறித்த கத்தரிக்காயும் வாட்டமுறுமுன் சந்தையை அடைதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே உரும்பிராய், கோண்டாவில், புத்தூர், அச்சுவேலி முதலிய செம்மண் தோட்டப் பகுதிகளிலிருந்து திருநெல்வேலி, சுன்னாகம் ஆகிய சந்தைகளுக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் வண்டிகளுள் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்த பிக்கப் வண்டிகளும் உள. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மோட்டார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே மீள அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் விலைகள் பெரிதும் ஏறின. ஆதலால் உள்ள வண்டியைப் பேணிக் காப்பதே பலருக்கும் ஏற்ற வழியாயிற்று.

பழைய வண்டிக்கு வரும் குறைகளுள் மிகவும் தொல்லை தருவது எது? முற்றாகப் பழுதடைந்து நிற்பதன்று. முற்றாக நின்ற வண்டியின் குறை கண்முன்னே இருக்கும். அதைத் தேடிப் பிடித்துத் திருத்தலாம். ஒரு நாள் திறப்பைத் திருப்பியவுடன் இயங்கி, மறு நாள் இயங்க மறுத்து, மெக்கானிக் வந்து சேர்ந்ததும் மீண்டும் இயங்கும் வண்டியே உரியவரின் நேரத்தையும் பணத்தையும் விழுங்குவது.

ஓர் எடுத்துக்காட்டு

இக்குறை எவ்வாறு நட்டம் விளைக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கமக்காரர் ஒருவரிடம் பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். விடியற்காலை வீட்டு வளவில் அது தவறாமல் இயங்கத் தொடங்கும். சந்தையில் மூடைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, வாரத்தில் ஓரிரு நாள் திறப்பைத் திருப்பினால் ஓசையே இராது. அங்கு நிற்போர் கூடித் தள்ளினால் உடனே இயங்கும்.

முதலிற் பற்றறி மாற்றப்பட்டது. இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பின்பு முன்போலவே நின்றது. அடுத்து ஸ்ராட்டர் மோட்டார் மாற்றப்பட்டது. பத்து நாட்களின் பின் மீண்டும் அதே குறை. மூன்றாவதாகத் திறப்புப் பூட்டும் மாற்றப்பட்டது. மூன்று பொருள்களுக்குப் பணம் சென்றது. குறை அப்படியே இருந்தது. ஒரு நாள் காலையிலேயே வண்டி நின்றுவிட, பிடுங்கி வைத்த கீரை முழுவதும் சந்தை கலைந்த பின்னரே போய்ச் சேர்ந்தது.

இங்கு நடந்த தவறு யாது? இலை மஞ்சளாகியதைக் கண்டவுடன், காரணம் பூச்சியோ, பங்கசோ, உரக்குறைவோ, நீர் தேங்கியமையோ என்று ஆராயாது, கைக்கு எட்டிய மருந்தைத் தெளிப்பது போன்றதே இது. மருந்து தெளித்த பின் தற்செயலாகப் பயிர் தேறினால் மருந்தே குணப்படுத்தியது என எண்ணுகிறோம். இடைக்கிடை தோன்றும் குறையும் இவ்வாறே ஏமாற்றும். ஓர் உறுப்பை மாற்றிய பின் சில நாள் ஓடுவது, அவ்வுறுப்பே காரணம் என்பதற்குச் சான்றாகாது. குறை தன்னைக் காட்டும் கணத்திலேயே அதனைச் சோதித்தல் வேண்டும். இவ்வேட்டின் சாரம் இதுவே.

இயந்திரம் இயங்கத் தொடங்க வேண்டுவன

எவ்வகை இயந்திரமாயினும் மூன்று தேவைகள் நிறைவேறினால்தான் இயங்கத் தொடங்கும். முதலாவது, ஸ்ராட்டர் மோட்டார் இயந்திரத்தைப் போதிய வேகத்திற் சுழற்றுதல் வேண்டும். இரண்டாவது, எரிபொருள் எரியக்கூடிய நிலையிற் சிலிண்டருக்குள் சேர்தல் வேண்டும். மூன்றாவது, உரிய நேரத்தில் அது தீப்பற்றுதல் வேண்டும். பெற்றோல் இயந்திரத்தில் மின்பொறியாலும் டீசல் இயந்திரத்தில் அழுத்தத்தால் உண்டாகும் வெப்பத்தாலும் தீப்பற்றுகிறது.

இவ்வுண்மையைக் குடாநாட்டு மக்கள் கடினமான காலமொன்றில் அனுபவத்தாற் கற்றனர். 1990ஆம் ஆண்டின் பின், போர்க்காலப் பொருளாதாரத் தடையாற் பெற்றோல், பற்றறி முதலியன கிடைத்தற்கரியனவாயின. அக்காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய பிரித்தானிய மோட்டார் வண்டிகளும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. ஆகவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இம்முறை இயந்திரத்துக்கு நன்மை பயப்பதன்று. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி உராய்வு எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். எனினும் அவர்கள் வெற்றி கண்டமைக்குக் காரணம், இயந்திரத்துக்கு அந்த வேளையில் எது குறைகிறது என்பதை அறிந்து அதை மட்டும் கொடுத்தமையே. குறை கண்டறிதலுக்கும் அந்நோக்கே வேண்டும்.

குறை வந்து மறைவதேன்?

வந்து மறையும் குறைக்குப் பெரும்பாலும் ஈரம், வெப்பம், அதிர்வு ஆகிய மூன்றிலொன்று துணையாக நிற்கும்.

ஈரம்: ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை பெய்யுங் காலத்தில், மின்கம்பிகளின் வெடிப்புகளிலும் பெற்றோல் வண்டியின் டிஸ்ரிபியூற்றர் மூடியினுள்ளும் ஈரம் படியும். மின்சாரம் செல்ல வேண்டிய வழியை விட்டு வேறு வழியே கசியும். வெயில் ஏறியதும் ஈரம் உலர்ந்து குறை மறையும்.

வெப்பம்: இயந்திரம் சூடேறும்போது உலோகமும் செப்புச் சுருளும் விரிவடைந்து, தளர்ந்த தொடுப்பு விலகக்கூடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் பொருந்தும்.

அதிர்வு: கல்லும் குழியுமான ஒழுங்கைகளில் ஓடும் வண்டியில் ஆணிகள் சிறிது சிறிதாகத் தளரும்.

இவற்றுடன் குடாநாட்டுக்கே உரிய நான்காவது காரணமும் உண்டு. இங்கு எவ்விடமும் கடலுக்குத் தொலைவிலன்று. உப்பு கலந்த காற்றும், சோளகம் வீசுங் காலத்து நுண்ணிய தூசியும் செப்புத் தொடுப்புகளிற் படிந்து, பச்சை நிறக் களிம்பை உண்டாக்கும். வெளியே நன்றாகத் தோன்றும் கம்பி, முனைப் பிடியினுள்ளே அரிக்கப்பட்டிருக்கும்.

முதற் சோதனை: முன்விளக்கு

வண்டி இயங்க மறுக்கும் கணத்தில் உடனே தள்ளுவதற்கு ஆள் தேடலாகாது. கியரை நடுநிலையில் வைத்துக் கைத்தடுப்பை இழுத்துவிட்டு, முன்விளக்குகளை ஏற்றுக. ஒருவரை முன்னே நிறுத்தி விளக்கைப் பார்க்கச் சொல்லி, திறப்பைத் திருப்புக. எவ்விதக் கருவியும் இன்றிச் செய்யக்கூடிய இச்சோதனை பின்வருவனவற்றை அறிவிக்கும்.

1. விளக்கு மிகவும் மங்கி, ‘டக டக’ என்ற ஓசை எழுந்தால்: பற்றறி வலுக்குறைந்துள்ளது, அல்லது அதன் முனைகளில் தொடுப்புச் சரியில்லை.

2. விளக்கு முற்றாக அணைந்தால்: பற்றறி முனைப் பிடி தளர்ந்துள்ளது.

3. விளக்கு மங்காது, ஒரே ஒரு ‘டக்’ ஓசை மட்டும் எழுந்தால்: ஸ்ராட்டரின் சொலினோயிட் தொடுப்புகளோ கரித்துண்டுகளோ தேய்ந்துள்ளன, அல்லது இயந்திரத்தின் நிலத்தொடுப்புப் பழுதாகியுள்ளது.

4. விளக்கும் மங்காது, ஓசையும் எழாவிட்டால்: திறப்புப் பூட்டு, றிலே, சொலினோயிட்டுக்குச் செல்லும் மெல்லிய கம்பி, அல்லது நிலத்தொடுப்பு ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும்.

5. இயந்திரம் நன்றாகச் சுழன்றும் தீப்பற்றாவிட்டால்: பற்றறியிலும் ஸ்ராட்டரிலும் குறையில்லை, எரிபொருளையோ மின்பொறியையோ ஆராய்தல் வேண்டும்.

கையாற் கியர் மாற்றும் வண்டி தள்ளியவுடன் இயங்கினால், அதுவும் ஒரு சோதனையே. எரிபொருளும் தீப்பற்றுதலும் செவ்வையாக உள்ளன, சுழற்றும் பகுதியிலேயே குறை உள்ளது என்பது அதனாற் புலனாகும்.

பற்றறியைச் சோதித்தல்

சிறிய வோல்ற்றுமானி ஒன்று வண்டியில் இருத்தல் நன்று. பல மணி நேரம் ஓடாது நின்ற வண்டியில், முழு மின்னேற்றமுள்ள 12 வோல்ற் பற்றறி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். 12.2 எனின் ஏறத்தாழ அரைப்பங்கே உள்ளது. 12க்குக் கீழ் இறங்கினால் மின்னேற்றம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். இயந்திரத்தைச் சுழற்றும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே வீழ்ந்தால் பற்றறியை ஐயுறுதல் வேண்டும். இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டாவிட்டால், குறை மின்னேற்றும் பகுதியில் உள்ளது; புதிய பற்றறி வாங்கினாலும் அதுவும் சில நாளில் வலுவிழக்கும்.

நீர் ஊற்றும் வகைப் பற்றறிக்குக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துதல் வேண்டும். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடு ஊறி வருவது. கல்சியமும் பிற உப்புகளும் உடையது. கேத்திலினடியிற் படியும் வெண்ணிறப் படிவே இதற்குச் சான்று. அந்நீர் பற்றறித் தகடுகளைக் கெடுக்கும்.

முனைகளில் வெண்மை அல்லது பச்சைப் படிவு இருந்தால், பிடியைக் கழற்றி, வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவுக. அக்கரைசல் பற்றறியின் அறைகளுக்குட் செல்லலாகாது. பின்பு உலோகம் பளிச்சிடும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுக.

நிலத்தொடுப்பு

ஸ்ராட்டருக்குச் சென்ற மின்சாரம் பற்றறிக்குத் திரும்பிவர ஒரு வழி வேண்டும். அவ்வழியே நிலத்தொடுப்பு. பற்றறியின் ஒரு முனையிலிருந்து வண்டியின் உடலுக்கும் இயந்திரத்துக்கும் தடித்த கம்பியோ செப்புப் பின்னற் பட்டியோ செல்லும். முன்விளக்குக்குச் சிறிதளவு மின்சாரமே போதும். ஸ்ராட்டருக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் வேண்டும். ஆகவே அரிக்கப்பட்ட பட்டி விளக்கை ஒளிரவிட்டு, ஸ்ராட்டரை மட்டும் கைவிடக்கூடும். ஒற்றையடிப் பாதையில் ஆள் நடக்கலாம், லொறி செல்லாது என்பது போன்றதே இது.

இதைச் சோதித்தல் எளிது. வண்டி இயங்க மறுக்கும் வேளையில், பற்றறியின் நிலத்தொடுப்பு முனையிலிருந்து இயந்திரத்தின் வெறும் உலோகப் பகுதிக்குத் தடித்த இணைப்புக் கம்பி ஒன்றைப் பொருத்தித் திறப்பைத் திருப்புக. உடனே சுழன்றால் குறை கண்டறியப்பட்டது. வோல்ற்றுமானி உள்ளோர், இயந்திரத்தைச் சுழற்றும்போது அதே இரண்டு இடங்களுக்குமிடையே அளக்கலாம். அரை வோல்ற்றுக்கு மேற் காட்டினால் வழியில் தடை உள்ளது. சுழற்ற முயலும்போது அக்சிலறேற்றர் கேபிளோ கிளச் கேபிளோ சூடாவதும் இதற்கு ஓர் அடையாளம். உரிய வழி அடைபட்டதால் மின்சாரம் அக்கேபிளினூடு செல்கிறது என்பதே அதன் பொருள்.

முற்கூறிய எடுத்துக்காட்டிலும் காரணம் இதுவே எனக் கொள்க. இயந்திரத்திற் பட்டியைப் பூட்டிய ஆணியின் கீழ் களிம்பு படர்ந்திருந்தது. குளிர்ந்திருக்கும்போது அரைகுறையாகப் பொருந்திய தொடுப்பு, ஒழுங்கையிற் குலுங்கிச் சந்தையை அடைந்து சூடேறியபோது விலகியது. ஒவ்வோர் உறுப்பை மாற்றும்போதும் கம்பிகள் அசைக்கப்பட்டதால் சில நாள் சரியாகியது. அதனாலேயே புதிய உறுப்புக் குணப்படுத்தியதாகத் தோன்றியது. ஆணியைக் கழற்றி அரத்தாளாற் சுத்தஞ்செய்து, புதிய பட்டி பூட்டியவுடன் குறை நீங்கும். மூன்று உறுப்புகளுக்குச் செலவிட்டதில் ஒரு சிறு பங்கே இதற்குத் தேவைப்படும்.

பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் பலவற்றிற் பற்றறியின் நேர் முனையே நிலத்தொடுப்பாகும். அவ்வகை வண்டியில் எதையும் பொருத்துமுன் இதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

ஸ்ராட்டர் மோட்டார்

ரொயோட்டா முதலிய யப்பானிய வண்டிகள் பலவற்றின் ஸ்ராட்டரினுள் சிறிய செப்புத் தொடுப்புகள் இரண்டு உள. திறப்பைத் திருப்பும்போதெல்லாம் ஒரு செப்புத் தட்டு வந்து இவற்றைத் தொடும். பல்லாயிரம் முறை தொட்டபின் இவை தேயும். அப்போது திறப்பைத் திருப்புந்தோறும் ‘டக்’ ஓசை மட்டும் எழும். ஐந்தாறு முறை திருப்பினால் ஏதேனும் ஒரு முறை இயங்கும். நாளடைவில் முறை எண்ணிக்கை கூடும். பற்றறியும் நிலத்தொடுப்பும் சரியெனக் கண்டபின் இக்குறி தோன்றினால், முழு ஸ்ராட்டரையும் மாற்றுமுன் இத்தொடுப்புகளை மட்டும் மாற்ற முடியுமா என மெக்கானிக்கிடம் கேட்டறிதல் நன்று.

சுழன்றும் தீப்பற்றாத வண்டி

டீசல் வண்டி இரவு முழுதும் நின்றபின் காலையில் நெடுநேரம் சுழன்றே இயங்குகிறதாயின், எரிபொருட் குழாயிற் காற்றுப் புகுந்திருக்கலாம். வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பை அழுத்துக. அது தளர்வாக இருந்து, பலமுறை அழுத்தியபின் இறுகி, வண்டியும் உடனே இயங்கினால், குழாய் இணைப்பிற் கசிவு உளது. பகலில் டீசல் வெளியே கசியாத சிறு வெடிப்பினூடும் இரவிற் காற்று உட்புகும். வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரையும் காலந்தோறும் வடித்தல் வேண்டும். திறப்பைத் திருப்பும்போது எரிபொருட் பம்பில் உள்ள நிறுத்தும் சொலினோயிட் ‘டிக்’ என ஒலிக்காவிட்டால், அதன் கம்பியைப் பார்க்க. குளிர்ந்த காலையில் மட்டும் குறை தோன்றி, வெண்புகை வருமாயின், குளோ பிளக்குகளைச் சோதிப்பிக்க.

பெற்றோல் வண்டி மழைக்காலக் காலையில் மட்டும் மறுத்தால், டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா எனப் பார்க்க. சூடேறியபின் மட்டும் மறுத்து, ஆறியதும் இயங்கினால், கொயிலை ஐயுறலாம். நண்பகலில் எரிபொருட் குழாயிலேயே பெற்றோல் ஆவியாகி வழியை அடைப்பதும் உண்டு. அவ்வாறாயின் குழாய் சூடான பகுதிகளைத் தொடாதவாறு விலக்கிக் கட்டுக. பொயின்ற் உள்ள பழைய வண்டிகளில் அதன் இடைவெளி வண்டிக் கைந்நூலிற் குறித்தவாறு இருத்தல் வேண்டும். பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் அது ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் ஆகும்.

எச்சரிக்கை

பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். அது வெடிக்கும் இயல்புடையது. அருகிற் சுருட்டுப் பற்றவைத்தலோ தீக்குச்சி கொளுத்திப் பார்த்தலோ ஒருபோதும் ஆகாது. பற்றறியைக் கழற்றும்போது நிலத்தொடுப்பு முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கையாளுக. அமிலம் உடலிற் பட்டால் உடனே மிகுதியான நீராற் கழுவுக. கண்ணிற் பட்டால் கழுவியபின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க. ஸ்ராட்டரைத் தொடர்ந்து பத்து விநாடிகளுக்கு மேற் சுழற்றாது, இடையில் அரை நிமிடமேனும் ஆறவிடுக. குளோ பிளக் உள்ள டீசல் இயந்திரத்தினுள் ஈதர் முதலிய எளிதில் தீப்பற்றும் திரவங்களைத் தெளித்தல் இயந்திரத்துக்கும் ஆளுக்கும் ஆபத்தாகும்.

குறிப்பேடு

வண்டியினுள் ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் வைத்திருக்க. குறை தோன்றும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், மழையா வெயிலா, இயந்திரம் சூடா குளிரா, எவ்வோசை எழுந்தது, விளக்கு மங்கியதா, எதைச் செய்தபின் இயங்கியது ஆகியவற்றைக் குறிக்க. நான்கைந்து குறிப்புகள் சேர்ந்ததும் குறையின் ஒழுங்கு தானே வெளிப்படும். மழை நாளில் மட்டுமா, சந்தையிலிருந்து திரும்பும்போது மட்டுமா என்பது தெரிந்துவிடும். கராச்சுக்குச் செல்லும்போது ‘சிலவேளை இயங்காது’ எனச் சொல்வதிலும் அவ்வேட்டைக் காட்டுதல் மெக்கானிக்குக்குப் பேருதவியாகும். ஒரே நேரத்திற் பல உறுப்புகளை மாற்றும் தேவையும் ஒழியும். எதை மாற்றினாலும் ஒவ்வொன்றாகவே மாற்றுதல் வேண்டும். அவ்வாறன்றேல் எது குறையாயிருந்தது என்பதை அறியவொண்ணாது.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. குறை தோன்றும் கணத்தில் முதலில் விளக்கைச் சோதிக்க, பின்பே தள்ளுக.
2. சுழலவில்லையா, சுழன்றும் தீப்பற்றவில்லையா என்பதை முதலிற் பிரித்தறிக.
3. பொருள் வாங்குமுன் பற்றறி முனைகளையும் நிலத்தொடுப்பையும் சுத்தஞ்செய்க.
4. பற்றறிக்குக் கிணற்று நீர் ஊற்றற்க.
5. மாரிமழை தொடங்குமுன் ஒருமுறை எல்லாத் தொடுப்புகளையும் பார்த்து இறுக்குக.

பிக்கப் வண்டி மரக்கறியை மட்டும் ஏற்றுவதன்று. நெல்லை ஆலைக்கும், விதை வெங்காயத்தைத் தோட்டத்துக்கும் கொண்டுசெல்வது அதுவே. நள்ளிரவில் வீட்டில் ஒருவர் நோயுற்றால் வைத்தியசாலைக்கு விரைவதும் அதுவே. அந்த வேளையில் வண்டி ஓசையின்றி நில்லாதிருக்க வேண்டுமாயின், ஓய்வான ஒரு பிற்பகலிற் கம்பித் தூரிகையும் ஸ்பனரும் எடுத்து அரை மணி நேரம் செலவிடுதல் வேண்டும். பயிரை நாள்தோறும் உற்றுநோக்கும் கமக்காரருக்கு இது புதிய கலையன்று. இலையிற் பார்க்கும் அதே கண்ணை இயந்திரத்தின்மீதும் செலுத்தினாற் போதும்.